அடுக்ககத்தில் ஒரு வால்வு ஆம்ப்

பெரம்பூர் பக்கம் கிடார் வாசிக்கிற பையன்கள் ஆம்ப் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். மெல்லிசைக் குழுவிலும் தேவாலயத்திலும் வாசித்தவன், வால்வு ஆம்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் என்று ஒரு நம்பிக்கை. சமீபத்தில் வந்த தம்பிக்கு ஐ.டி. வேலை. டியூப் ஸ்கிரீமர், பிக் மஃப், ஒரு டிலே என்று பலகை நிறையப் பெடல் வைத்திருக்கிறார். "அண்ணே, வீட்டுலதான வாசிக்கப் போறேன், அஞ்சு வாட் போதும்ல?" என்றார். வருகிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

வாட் வேறு, சத்தம் வேறு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்கு ஏற வேண்டும். 50 வாட் ஆம்ப் 5 வாட் ஆம்பைவிட இரண்டு பங்குதான் உரக்கக் கேட்கும். போதாததற்குக் கிடார் ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 95 முதல் 100 டெசிபல் வரை கொடுக்கக்கூடியவை. அதனால் 5 வாட்டை முழுக்கத் திருப்பினாலும் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிடுவார். வாட் குறைந்தால் உண்மையில் குறைவது, ஒலி உடையாமல் தாங்குகிற தெம்பு. பெடல் வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம்.

வால்வுக்கு ஏன் இத்தனை மவுசு? கண்ணாடிக் குடுவைக்குள் சூடேறிய பாகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரிலுள்ள தகட்டுக்குப் பாயும். நடுவிலிருக்கும் கம்பி வலைக்கு வருகிற சின்ன மின்னழுத்தம் அந்தப் பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். அந்த வலையை லீ டி ஃபாரஸ்ட் சேர்த்தது 1906-இல். இன்று பெரும்பாலான வால்வு ஆம்புகளில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வு வரைக்கும் சங்கதி அதேதான். டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டதும் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வோ எல்லை வருவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொடுக்கும். அப்போது ஸட்ஜம் வாசித்தால் மேல் ஸட்ஜமும் மெலிதாகக் கூட வரும். ஒலி தடித்துக் கேட்கும். இதைத்தான் 'வார்ம்' என்கிறார்கள். இதில் பாதிப் பெருமை ஸ்பீக்கருக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். பெடலின் இரைச்சலில் காதைக் கிழிக்கிற பகுதி அங்கேதான் இருக்கிறது.

5 வாட்டில் பெயர்பெற்றது 1950-களின் ஃபெண்டர் சாம்ப். ஒரு 6வி6 வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், திருப்புவதற்கு ஒரே ஒரு குமிழ். கிடாரை நேராகச் செருகி வாசித்தால் அருமையான பெட்டி. மெதுவாக வைத்தால் சுத்தமாகவும் ஒலிக்கும். ஆனால் பெடலை மிதித்ததும் தாங்காது. பெடலின் உடைசலோடு ஆம்பின் உடைசலும் சேர்ந்து, குழைந்த சாதத்தை மறுபடி மசித்த கதையாகிவிடும். எந்த ஸ்வரம் எங்கே என்று தெரியாது.

அடுத்தது, எந்தப் பெடல் என்ற கேள்வி. 1960-களின் ஃபெண்டர் ஆம்புகளில் நடு ஒலி குழிந்திருக்கும். கீழும் மேலும் பளிச்சென்று இருக்கும். டியூப் ஸ்கிரீமர் நேர் எதிர். 720 ஹெர்ட்ஸ் வாக்கில் மேடு, அடி ஒலியில் வெட்டு. குழியில் மேடு பொருந்திவிடுகிறது. ப்ளூஸ் கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வான் இந்த ஜோடியை வைத்து வாசித்தவர். பிக் மஃப் கதை வேறு. அதற்கே நடுவில் குழி. அதை அதே ஃபெண்டரில் செருகினால் தனியாக வாசிக்கும்போது பிரம்மாண்டமாக இருக்கும். ஒரு பாட்டை ஓடவிட்டு அதனோடு வாசித்துப் பாருங்கள், கிடார் காணாமல் போய்விடும். ட்ரெபிளைக் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். வேண்டியது நடு ஒலி.

ஆகவே பெடலில் டியூப் ஸ்கிரீமர் வகை அதிகமென்றால் என் ஓட்டு ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவர்புக்கு, அல்லது அதே அமைப்பில் மற்றவர்கள் செய்கிற ஆம்புக்கு. இரண்டு 6வி6, 12 முதல் 15 வாட், 10 அங்குல ஸ்பீக்கர், உள்ளேயே ஸ்ப்ரிங் ரிவர்ப். வால்யூமை இரண்டு மூன்றில் வைத்தாலும் ஒலி சப்பென்று ஆகாது. நடு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழ் கிடையாது. அது ஒன்றுதான் குறை. ஃபஸ், மஃப் என்று மிதிப்பவர்கள் மிட் குமிழ் உள்ள ஆம்பைப் பார்ப்பது நல்லது. ஃபெண்டரிலேயே ப்ளூஸ் ஜூனியர் இருக்கிறது: 15 வாட், இரண்டு ஈஎல்84, மாஸ்டர் வால்யூம். என் காதுக்கு அதில் லேசான டப்பா சத்தம் உண்டு. சிலருக்கு அதுவே பிடிக்கும். பெடலை ஆம்பின் உள்சுற்றில் நடுவே இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப் இல்லையே என்று கவலை வேண்டாம். உடைசல் முழுக்கப் பெடலிலிருந்து வருகிறது, ஆம்ப் சுத்தமாக இருக்கிறது என்றால், டிலேயைப் பெடல் வரிசையில் கடைசியாக வைத்து ஆம்பின் முன்னாலேயே செருகலாம்.

வாங்கி வந்தபின் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில் போகும். பெட்டி கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது வலிக்கும். அடி ஒலியோ தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். முக்காலி மேல் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, சற்றே சாய்த்து வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் தூக்கி வரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்துதான் வருகின்றன. 2022-இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது விலை எகிறியது. எனவே 6வி6, ஈஎல்84 போல எங்கும் புழங்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிடாரையும் பெடலையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் உரக்க வைத்துக் காட்டுவார். எல்லா ஆம்பும் உரக்க வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிற அளவுக்குக் குறைக்கச் சொல்லி வாசியுங்கள். வீட்டில் நீங்கள் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான். இன்னொன்று: ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். வேலை தெரியாதவர்கள் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம்.