சுமைதாங்கிக் கல்லும் கார் நிறுத்தும் இடமும்



கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் என்று கார் நிறுத்தத் தனி இடம் ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தைவானில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே பொது வாகன நிறுத்தங்களில் 100 இடம் இருந்தால் அதில் 2 இடம் கர்ப்பிணிகளுக்கும், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வருபவர்களுக்கும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 2025 ஜூலை முதல், டாக்டர் சான்று கொடுத்தால் கர்ப்பிணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் காரை நிறுத்திக்கொள்ளலாம்.

"நம்ம ஆரணியில சைக்கிள் நிறுத்தவே இடம் இல்ல, இதுல தாய்மாருக்குத் தனி இடமா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்க. அந்த இடம் எதற்கு என்று முதலில் பார்ப்போம்.

ஏன் தனி இடம்?

1. கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இதயம் அதிகமாக வேலை செய்கிறது. அதனால் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

2. ரொம்ப நேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். கால் வீங்கும், தலை சுற்றும், சிலருக்கு மயக்கமே வரும்.

3. வயிறு முன்னால் வர வர உடம்பின் சமநிலை மாறும். மூட்டுகளும் தளர்ந்து இருக்கும். அதனால் பஸ் திடீர் பிரேக் போட்டால் விழ வாய்ப்பு அதிகம்.

4. கார் கதவை முழுசாகத் திறந்தால்தான் நிறைமாதக்காரர் இறங்க முடியும். குழந்தையைத் தூக்கி இறக்கவும் அப்படித்தான். அதனால் அந்த இடம் வாசலுக்குப் பக்கத்திலும் இருக்கணும், அகலமாகவும் இருக்கணும்.

இன்னொரு விஷயம். முதல் மூன்று மாதம் வயிறே தெரியாது. ஆனால் வாந்தியும் சோர்வும் அப்போதுதான் அதிகம். "பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க" என்று நாம் நினைத்துவிடுவோம். இதற்காகவே ஜப்பான் அரசு 2006-இல் கர்ப்பிணிகளுக்கென்று ஓர் அடையாளச் சின்னம் கொண்டுவந்தது. பையில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டால் வாய்விட்டுக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

நம் முன்னோர் வைத்த கல்

இது வெளிநாட்டுக்காரங்க கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம், மறுபடி தானே தூக்கிக்கொள்ளலாம். அதற்கு ஏற்ற உயரம்!

அந்தக் கல்லை எதற்கு நட்டார்கள் தெரியுமா? கர்ப்பமாக இருக்கும்போதோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் குடும்பத்தார் நட்டது. இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமை, மற்றவர் சுமை இறங்கும்போது குறையும் என்பது நம்பிக்கை. காவேரிப்பாக்கம் பக்கம் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவள் போனபிறகு கல் நட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே இடம் கொடுப்பது நம் காலத்து வேலை.

இப்போது என்ன இருக்கிறது?

ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. 2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022-இல் 5 வயது வரை குழந்தைகளுக்கும் அரசு பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

டிக்கெட்டை அரசாங்கம் தள்ளுபடி பண்ணிவிட்டது. ஆனால் சீட்டை யார் கொடுப்பது? அது நம்ம கையில்தான் இருக்கு!

நம்ம ஊர் தாய்மார்களைப் பாருங்கள். சுத்துப்பட்டுக் கிராமங்களில் நெசவு வீடுகள் எத்தனை! வயிற்றில் பிள்ளையோடு தார் சுற்றுகிறார்கள், பாவு வேலைக்கு நிற்கிறார்கள், சிலர் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கவும் செய்கிறார்கள். செக்கப்புக்கு அவர்கள் காரில் வருவதில்லை. டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஏறுகிற அதே காலை பஸ்ஸில்தான் நாமும் புத்தக மூட்டையோடு ஏறுகிறோம். அவர்களுக்கு கார் நிறுத்தும் இடம் என்பது அந்த பஸ் சீட்டுதான்.

நாம் செய்யக்கூடியவை

* அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்திருங்கள். "அக்கா, உக்காருங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

* கூட்டத்தில் பையை முதுகிலிருந்து கழற்றிக் கீழே வையுங்கள். திரும்பும்போது நம் பைதான் குழந்தையின் தலையில் இடிக்கும்.

* ஆஸ்பத்திரி வாசலிலும் சாய்தளத்திலும் சைக்கிளை நிறுத்தாதீர்கள். வீட்டில் அப்பா, அண்ணன் வண்டி நிறுத்தினாலும் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்தன்று தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற அம்மாக்கள் வெயிலில் நிற்கிறார்கள். கேட்டுக்குப் பக்கத்து மரநிழலில் அன்று சைக்கிள் எதுவும் நிறுத்தாமல், இரண்டு பெஞ்சு மட்டும் போட்டு, "தாய்மார்களுக்கு மட்டும்" என்று ஒரு அட்டை தொங்கவிடலாமா? பெஞ்சு தூக்க எங்கள் வகுப்பு தயார். அட்டையும் நாங்களே எழுதித் தருகிறோம்.

இடம் கொடுப்போம்! சுமை குறைப்போம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி