இஞ்சின் புதிது; விசிறி பொருந்துமா?

தோட்டத்தை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். ஆனாலும் மலாக்கா மாநிலத்தில் கடல் நமக்குத் தூரமில்லை. மெர்லிமாவ், ஜாசின் பக்கமிருந்து உம்பாய்க்கும், அலோர் காஜா, மஸ்ஜிட் தானா பக்கமிருந்து பெங்காலான் பாலாக், கோலா லிங்கிக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போகிறவர்களும் உண்டு. நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சிறு படகு வாங்குகிறவர்களும் உண்டு.

பழைய இஞ்சின் ஓய்ந்து, புது அவுட்போர்ட் இஞ்சின் வாங்கும் நாளில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை குதிரைசக்தி?" அந்தச் சக்தியைத் தண்ணீரில் சேர்க்கும் விசிறியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. புரொப்பெல்லர் என்றும், மலாய்க்காரர் வாயில் 'கிப்பாஸ்' என்றும் வழங்குவது அதுவே. பல ஆயிரம் வெள்ளி போட்டு வாங்கிய இஞ்சின் நீடித்து உழைப்பதும், சீக்கிரம் படுத்துவிடுவதும் பெரும்பாலும் இதன் கையில்தான் இருக்கிறது.

இரண்டு எண்களின் கதை

விசிறியின் குடத்தில் 11 x 13 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண், இலைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம். இரண்டாவது எண் 'பிட்ச்', அதாவது புரியளவு. மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுபோல விசிறி ஒரு சுற்றில் முன்னே போகவேண்டிய தூரம் அது. தண்ணீர் மரமல்ல, வழுக்கும். ஆகவே 13 அங்குலம் போகவேண்டியது 10 அங்குலமே போகலாம். பாரம் கூடினால் இந்த வழுக்கலும் கூடும்.

புரி அதிகமாக இருப்பதே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1837-ல் லண்டன் கால்வாயில் மரத் திருகு பொருத்திய படகை ஓட்டிப் பார்த்தார். எதிலோ மோதித் திருகில் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது! அளவு பொருந்துவதே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

லாரிக்கு கியர், படகுக்கு விசிறி

பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது டிரைவர் கியரைக் குறைக்கிறார். குறைக்காவிட்டால் இஞ்சின் திணறும். படகில் முன்னே போக ஒரே கியர்தான். ஆகவே அந்தக் கணக்கைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். வலை, ஐஸ் பெட்டி, மூன்று நான்கு ஆட்கள் என்று பாரம் சுமக்கும் படகுக்குப் புரி குறைந்த விசிறி ஏற்றது. ஆள் குறைந்த, லேசான படகுக்குப் புரி கூடியது ஏற்றது.

சரி பார்ப்பது எப்படி? வழக்கமான பாரத்தோடு கடலில் இறங்கி, முழு வேகத்தில் ஓட்டி, சுற்றுமானியைப் பாருங்கள். படகில் சுற்றுமானி இல்லையென்றால் கடைக்காரரிடம் இரவல் கேளுங்கள். இஞ்சினோடு வரும் புத்தகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் இஞ்சின் 4,700-ஐத் தாண்டவில்லை என்றால், விசிறியின் புரி அதிகம். புரியில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். 13-க்குப் பதில் 10 போட்டால் 5,150-க்கும் 5,300-க்கும் இடையில் வந்து நிற்கும்.

திணறும் இஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், பெட்ரோலை வீணாகக் குடிக்கும். மாறாக, புரி மிகக் குறைந்துவிட்டால் இஞ்சின் அளவு மீறிச் சுழன்று தேய்ந்துபோகும்.

அலுமினியமா, எஃகா?

எஃகு விசிறி உறுதியானது, இலை மெல்லியது, விலை அதிகம். அலுமினியம் மலிவு, மோதினால் வளையும், உடையும். ஆனால் அப்படி உடைவதிலும் ஒரு நன்மை உண்டு. சேறும் மரக்கட்டையும் உள்ள ஆழமில்லாத முகத்துவாரங்களில் மோதும்போது, அலுமினியம் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும். எஃகானால் அந்த அதிர்ச்சி கியருக்கே போய்ச் சேரக்கூடும். சிறு படகுக்காரருக்கு அலுமினியமே போதும். கூடவே ஒரு மாற்று விசிறி இருக்கட்டும்.

இரட்டை இஞ்சின் பொருத்துகிறவர்கள் இரண்டிலும் ஒரே அளவு விசிறி போடவேண்டும். இடப்பக்கம் சுழலும் விசிறியை அதற்கென்று செய்த இஞ்சினில் மட்டுமே மாட்டலாம். ஒன்று நின்றுபோனால், மிஞ்சிய ஒன்றை முழு வேகத்தில் விரட்டாதீர்கள். முழுப் படகையும் தனியே தள்ளும்போது அது திணறும். பாதி வேகத்தில் கரை சேர்வதே புத்திசாலித்தனம்.

கவனிக்க வேண்டியவை

* விசிறியைக் கழற்றுமுன் கியரை நடுநிலையில் வைத்து, ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள்.
* தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். அது எண்ணெய் அடைப்பானை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.
* தண்டுக்குக் கிரீஸ் தடவுங்கள். பூட்டு ஊசி, நட்டு, ஸ்பேனர் எப்போதும் படகில் இருக்கட்டும்.
* வாங்கும்போதே, "அளவு பொருந்தாவிட்டால், கீறல் படாமல் திருப்பித் தந்தால், மாற்றிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.
* மீன்பிடி உரிமம் உள்ள படகானால், இஞ்சின் மாற்றுமுன் மீன்வள இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாக்கா நீரிணை உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் 'சுமத்ரா' என்னும் சூறைக்காற்று திடீரென்று வீசுவதுண்டு. அந்த நேரத்தில் இஞ்சின் காலை வாரினால், பணத்தோடு போகிற நஷ்டமல்ல அது.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: சேமிப்பிலிருந்து இஞ்சினுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும்போது, "விசிறியைச் சோதித்துப் பார்த்தீர்களா? உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் இருக்கிறதா?" என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.