கத்தரி படாத துணி

மதுரையில் ஒரு சுங்குடிப் புடவைக்கு நீண்ட ஆயுள் இருந்தது. அப்பத்தா விசேஷத்துக்குக் கட்டியது, சாயம் மங்கியதும் அன்றாடப் புழக்கத்துக்கு இறங்கும். பிறகு தூளியாக உத்தரத்தில் தொங்கும். கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். அதுவரை கத்தரி படாது. அப்பத்தா, அத்தை, அம்மா என்று எந்த உடம்பும் அதற்குப் பொருந்தியது.

அந்தப் புள்ளிகள் முடிச்சில் பிறந்தவை. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வெள்ளைப் பருத்தித் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூல் சுற்றி இறுக்குவார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கி, உலர்த்தி, அவிழ்த்தால் கட்டிய இடம் மட்டும் வெளுத்து நிற்கும். தொட்டால் சின்னப் புடைப்பு தெரியும். ஒரு புள்ளியைப் போல் இன்னொன்று இராது.

இன்று சுங்குடி என்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் அச்சிலும் வந்தவை. புள்ளிகள் ஒரே அளவு. விலையும் பலருக்கு எட்டுகிறது. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் முடிச்சுப் போடும் விரல்கள் குறைந்துவிட்டிருந்தன. நாள் முழுக்கக் குனிந்து கட்டியதற்குக் கிடைத்த கூலி சொற்பம். அந்தப் பெண்களின் மகள்கள் படித்து வேறு வேலைக்குப் போனதை இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தையல் என்றால் அன்று புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காக எழுப்பிய மண்டபத்தில், கற்சிலைகளின் காலடியில் தையல் மிஷின்கள் ஓடின. அளவு ரவிக்கையையும் துணியையும் கொடுத்துவிட்டு மீனாட்சியைத் தரிசித்துத் திரும்பினால் புது ரவிக்கை தயாராக இருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூண்களுக்கு அது நல்லது. சிற்பங்களை நின்று பார்க்க முடியும். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் காது மிஷின் சத்தத்தைத் தேடுகிறது.

மேல மாசி வீதியில் ஒரு வீட்டில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி தம் உடையை அரை வேட்டியாகச் சுருக்கிக்கொண்டார். அதே மதுரையில் இன்றைய இளைஞர்களுக்கு வேட்டி பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அதுவும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையோடு.

அம்மா சைக்கிளின் பின்னால், கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்து போவாள். என் மகள் லெக்கிங்ஸும் குர்தாவும் போட்டுக்கொண்டு, தானே ஸ்கூட்டர் ஓட்டி, இருட்டிய பிறகும் வீடு திரும்புகிறாள். 2019-ல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கான உடை விதியில் புடவையோடு, துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும் சேர்த்துச் சொன்னது. அம்மாவின் காலத்தில் ஒரு பெண் அலுவலகத்துக்குச் சுடிதாரில் போயிருந்தால் தெருவே பேசியிருக்கும்.

போன மாதம் மகள் அப்பத்தாவின் அரக்குச் சுங்குடியைக் குர்தாவாகத் தைக்கக் கேட்டாள். அம்மா சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். தையற்காரர் வெட்டும் முன் விரித்துப் பார்த்தபோது, முந்தியின் ஓரத்தில் அவிழ்க்கப்படாமல் தப்பிய ஒரு முடிச்சு இருந்தது. அத்தனை வருட வெளுப்புக்கும் நூல் விடவில்லை. பிரிக்கவா என்று கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். உள்ளே துணி இன்னும் சாயம் படாமல் வெள்ளையாகவே இருக்கும்.