காய்ச்சலும் பாய்ச்சலும்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், கடன் தவணை விசாரணைக்காகத் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். நெசவும் உழவும் ஒருங்கே நடைபெறும் ஊர் அது. அங்கத்தினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வலது காலை இழுத்து நடந்து வந்து என் அருகில் நின்றான். பேச முயன்றான், சொல் குழறியது.

முந்திய ஆண்டு வரை அவன் ஓடியாடித் திரிந்தவன்தான். ஐப்பசியில் ஒருநாள் ஜுரமும் தலைவலியும் கண்டன. மூன்றாம் நாள் வலிப்பு வந்து நினைவு தப்பியது. அரசு மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து உயிர் பிழைத்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். தறியில் வேலை குறைந்தமையால், குழந்தை பிறந்த பின் இரண்டாண்டுகள் குடும்பம் செங்கற் சூளைக்கு வெளியூர் சென்றிருந்தது. தடுப்பூசித் தவணை இரண்டும் தவறிவிட்டன. தந்தை என்னிடம் சொன்னார்: "கடன் தவணை தவறினா அபராத வட்டி போடுறீங்க ஐயா. ஊசித் தவணை தவறினதுக்கு நான் கட்டுற வட்டி இதுங்க."

அன்று நான் மேற்கொண்டு கணக்குப் பார்க்கவில்லை. இந்நோயைப் பற்றி நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வைரஸ் மூளையைச் சென்றடைந்து, அங்கே அழற்சியும் வீக்கமும் உண்டாக்குவதே இந்நோய். இது அரிதான நோய். கிருமி உடலிற் புகுந்தவர்களுள் சுமார் 250 பேருக்கு ஒருவருக்கே நோய் கடுமையாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு தோன்றினால், நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிற் பலருக்குக் கைகால் முடக்கமோ, பேச்சுக் குறைவோ, அறிவு மந்தமோ ஆயுள் முழுதும் நிற்கும். கிருமியைக் கொல்லும் மருந்து இன்றளவும் இல்லை. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் அடக்கி உயிரைக் காக்கவே மருத்துவர்கள் முயல்கின்றனர். நம் பகுதிகளில் பெரும்பாலும் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களே இதற்கு ஆளாகின்றனர்.

பெயர் ஜப்பானியமாயினும் நோய் நமக்கு அயலானதன்று. ஜப்பானில் 1924-இல் பெருவாரியாகப் பரவி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது; 1935-இல் கிருமி பிரித்தறியப்பட்டது. நம் நாட்டிலோ, 1952-இல் நாகபுரியிலும், திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள செங்கற்பட்டு மாவட்டத்திலும் நடத்திய இரத்தப் பரிசோதனையில் அதன் அடையாளம் தென்பட்டது. 1955-இல் வேலூரில் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டோர் அவர்களே. பின்னர், 1985-இல் மதுரையில் நிறுவப்பட்ட பூச்சியியல் ஆராய்ச்சி மையம், விருத்தாசலத்தில் களநிலையம் அமைத்துத் தென்னார்க்காடு மாவட்டத்தில் பல்லாண்டுகள் இந்நோயை ஆராய்ந்தது. அந்தத் தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்ததே விழுப்புரம் மாவட்டம். நோய்க்கு இடமான மாவட்டங்களுள் ஒன்றாகவே அது கருதப்பட்டு வருகிறது.

நிற்க. கிருமி எங்கிருந்து வருகிறது? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ரயிலிற் சென்றால், ஏரிப் பாசன வயல்களில் வெண்கொக்கும் மடையானும் நிற்பதைக் காணலாம். இத்தகைய நீர்ப்பறவைகளிடத்தே கிருமி இயல்பாக வாழ்கிறது. பன்றியின் உடலிற் புகுந்தால் வெகுவாகப் பெருகுகிறது. பறவையையும் பன்றியையும் கடித்த கியூலெக்ஸ் இனக் கொசு, பின்னர்க் குழந்தையைக் கடிக்கும்போது நோய் வருகிறது. டெங்குக் கொசு வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் பிறப்பது. இக்கொசுவோ நெல் வயலின் தேங்கிய நீரிற் பிறப்பது. மாலை மயங்கியது முதல் விடியும் வரை கடிப்பது. ஆகவே தெருவில் புகையடிப்பதனால் மட்டும் இது தீராது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனிதனின் இரத்தத்தில் இக்கிருமி, அவனைக் கடிக்கும் மற்றொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே நோயாளியிடமிருந்து இது பிறருக்குப் பரவாது. அக்குடும்பத்தாரை ஒதுக்குவது அறியாமை. இதே காரணத்தால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டிருப்பது நம் வீட்டுக் குழந்தையைக் காவாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஊசி போட்டாக வேண்டும்.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 2005-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், 2006 முதல் நோயுள்ள மாவட்டங்களில் அரசு தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தவணை, பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் இரண்டாம் தவணை, இரண்டும் இலவசம். ஜப்பானிலும் கொரியாவிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய நோய், தடுப்பூசி வந்தபின் மிகச் சிலரோடு நின்றுவிட்டது.

ஊசி தனித்தனி, நீரோ பொதுவானது. நடவு முடிந்து பயிர் குட்டையாயிருக்கும் வாரங்களிலேயே வயலில் கொசுப்புழு மிகுதி. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதற்குள் நீர் முற்றும் வடிந்து மண் காய்ந்தால் புழு மடியும். நீரைக் கட்டி வைக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சும் இம்முறையை நம் உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பர். திருந்திய நெல் சாகுபடியில் இது ஓர் அங்கம். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது, நீரும் மிச்சமாகும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது. தழைச்சத்து உரம் இட்ட வயலில் கொசுப்புழு பெருகுவதையும், வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்த யூரியாவோடு இந்நீர் முறையும் கூடினால் வெகுவாகக் குறைவதையும் மதுரை மையத்தார் வயல்களிலேயே ஆராய்ந்து கண்டனர்.

ஆயினும் ஒருவர் தம் வயலைக் காயவிட்டு, அடுத்தவர் வயலில் முழங்கால் நீர் நின்றால் பயனென்ன? கொசுவுக்கு வரப்பு ஏது? வயலில் பிறந்த கொசு நெசவாளர் தெருவுக்கும் வரும். ஒரு மடையின்கீழ் உள்ளோர் அனைவரும் நாள் குறித்துச் சேர்ந்தே செய்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலைக் காயவிடுவது எளிதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்நாட்களிலேதான் நோயும் மிகுதி. எனவே நீர் முறை ஊசிக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு. அங்கத்தினர் குடும்பங்களில் ஊசித் தவணை தவறிய குழந்தைகளைப் பட்டியலிட்டுக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தருதல். வேலைக்காக வெளியூர் போய்த் திரும்பும் குடும்பங்களை முதலில் சேர்த்தல். நடவுக்கு முன் மடைவாரியாகக் கூடி நீர் முறை வகுத்தல். பன்றி வளர்ப்போரைப் பகைக்காமல், குடியிருப்புக்கு அப்பால் அடைப்பு அமைக்க உதவுதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பொதுப் பேரவையில் ஒரு தீர்மானம் போதும்.

இரவில் குழந்தைகளைக் கொசுவலைக்குள் உறங்க வையுங்கள். ஜுரத்தோடு வலிப்போ மயக்கமோ கண்டால் மந்திரிப்பதில் பொழுது போக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கடன் தவணை தவறினால் அடுத்த அறுவடையில் நேர் செய்துகொள்ளலாம். அச்சிறுவனின் காலை எந்த அறுவடையும் நேர் செய்யப் போவதில்லை. வயலுக்குக் காய்ச்சல் கொடுப்போம். நம் குழந்தைகளுக்கு அது வராமற் காப்போம்.