அடுக்களைக் கல்லும் புளியும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே கிடக்கும் நம் புளியந்தீவு, புளிய மரங்களாற் பெயர் பெற்றது என்பர். பெயருக்கேற்பப் பழப்புளியின்றி நம் வீடுகளில் மீன்கறி இல்லை. தேசிக்காய் பிழியாத சொதியும் இல்லை. அம்மிக்கு இவற்றால் யாதொரு தீங்கும் நேர்ந்ததில்லை. இன்றோ பல அடுக்களைகளில் அம்மியின் இடத்தை மினுக்கிய கற்பலகை பிடித்துக்கொண்டது. அம்மியைப் பேணியவாறே இதனையும் பேண முற்படுவதுதான் தொல்லையின் தொடக்கம்.

அம்மிக்குச் சொரசொரப்பே உயிர். தேய்ந்தால் பொளிவிப்போம், தும்பும் சாம்பலும் கொண்டு உரஞ்சிக் கழுவுவோம். கற்பலகைக்கோ மினுக்கமே காப்பு. அதனைச் சாம்பலால் உரஞ்சுவது, கண்ணாடியை மணலால் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இல்லத்தரசியர் முதலில் அறிய வேண்டியது, தம் பலகை எவ்வகைக் கல் என்பதே. கருங்கல்லைப் புளி கரைப்பதில்லை. சலவைக்கல்லோ கல்சியங் காபனேற்றினால் ஆனது. பழப்புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமோ தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமோ பட்டால், அது காபனீரொட்சைட்டை வெளிவிட்டுக் கரையத் தொடங்கும். இரசாயனம் பயிலும் மாணவர் இதனை வீட்டிலேயே கண்டு கொள்ளலாம். பலகை வெட்டியபோது மிஞ்சிய துண்டொன்றில் தேசிக்காய்ச் சாற்றைச் சில துளி விட்டு, கால் மணி நேரத்தின் பின் துடைத்துப் பார்க்க வேண்டும். மினுக்கம் மங்கியிருந்தால் அது சலவைக்கல் இனமே. (பலகையின் நடுவிலே சோதித்து அன்னையாரிடம் ஏச்சு வாங்க வேண்டாம்!)

அம்மங்கல் கறையன்று, வடு. கல்லே அரிக்கப்பட்டுவிட்டமையால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. மீண்டும் மினுக்குவதே வழி. கறை என்பது வேறு. எண்ணெய் கருங்கல்லின் நுண்துளைகளிலும் இறங்கிக் கருமை காட்டும். அப்பச்சோடாவை நீரில் களியாகக் குழைத்து அதன்மேல் அப்பி, பொலித்தீனால் மூடி ஓரிரவு விட்டு, பின் திறந்து உலரவிட்டால் களி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறையிற் போகாவிடின் மறுமுறையும் செய்யலாம். தாஜ்மகாலின் மஞ்சள் படிந்த சுவர்களுக்கு 1994 முதல் இந்தியத் தொல்லியல் துறையினர் பலமுறை முல்தானி மண் பூசியதும் ஏறத்தாழ இம்முறையே.

குவார்ட்சுத் தூளைப் பிசினிற் பிணைத்த செயற்கைக் கல்லும் இப்போது விற்பனைக்கு வருகிறது. சுடுசட்டியை நேரே வைத்தால் பிசின் கெடும். அதனினும் பெரிய கேடு அதனை வெட்டுவோருக்கு நேர்கிறது. அத்தூசு நுரையீரலிற் படிந்து, தீராத சிலிக்கோசிசு நோயைத் தரும். இதனாலேயே அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அக்கல்லைத் தடை செய்தது. கருங்கற் தூசும் தீங்கற்றதன்று. நம் வீட்டு முற்றத்தில் எக்கல்லை வெட்டினாலும், நீர் ஊற்றி வெட்டுமாறு கேட்பது நம் கடமை.

நாளாந்தம் வேண்டுவது மென்மையான சவர்க்கார நீரும் பருத்தித் துணியும் மட்டுமே. கழுவியபின் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும். இன்றேல் கிணற்று நீரின் உப்பு வெண்படலமாய் நிற்கும். அதனைப் போக்கக் கழிப்பறை அமிலத்தை எடுப்பாரும் உளர். வேண்டவே வேண்டாம். அதனுடன் வெளுக்கும் திரவமும் கலந்துவிட்டால் எழுவது நச்சுக் குளோரீன் வாயு.

கருங்கல்லின் துளைகளை அடைக்கப் பூசிய காப்புப்பூச்சு தேய்ந்துவிட்டதா என அறிய, ஒரு கரண்டி நீர் போதும். பத்து நிமிடத்தில் அவ்விடம் கருத்தால் மறுபடி பூச வேண்டும். முத்துப்போல் திரண்டு நின்றால், மேசனாரை அழைக்கும் செலவு இப்போதைக்கு மிச்சம்.