ஒரே சமையலா, தனிச் சமையலா?

அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவனுக்குச் சம்பாத்தியம் ஏராளம். மற்ற மூவருக்கும் வரும்படி சொற்பம். உலை ஒன்றாக வைப்பதா, தனித்தனியாக வைப்பதா? இந்தக் கேள்வியைப் போட்டால் நம் பெண்மணிகள் ஒரு மத்தியானம் முழுவதும் பேசுவார்கள். ஒரு விளையாட்டு உலகமும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷமாகத் திண்டாடுகிறது என்றால் நம்புவீர்களா? விளையாட்டின் பெயர் ரக்பி லீக். சகோதரர்கள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து. கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர் கிரேட் பிரிட்டன். (அயர்லாந்தின் பெரும்பகுதி தனிக் குடியரசு. அதற்கும் இந்த வீட்டில் இலை போட்டார்கள்!)

“ரக்பியா? முட்டை வடிவப் பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அதுதானே?” என்பீர்கள். அதேதான். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. 1895-ல் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும், “விளையாடப் போனால் அன்றையக் கூலி போகிறதே, அதையாவது கொடுங்கள்” என்று கேட்டார்கள். கனவான்கள் மறுத்தார்கள். ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திச் சங்கங்கள் கூடித் தனிக்கடை போட்டன. பதினைந்து பேர் ஆடிய ஆட்டம் பிறகு அவர்களிடம் பதின்மூன்று பேர் ஆட்டமாயிற்று. அதுதான் ரக்பி லீக். யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் அது வேரூன்றிய அளவுக்கு மற்ற இடங்களில் ஊன்றவில்லை. அதனால்தான் இந்த வீட்டில் இங்கிலாந்து அவ்வளவு பெரிய அண்ணன்.

தம்பிமார் தேசத்துப் பையன்கள் பிழைப்புக்காக அங்கே வந்தார்கள். அவர்களில் பில்லி பாஸ்டனின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். வேல்ஸ் தேசத்துக் கார்டிஃப் துறைமுகப் பேட்டையில் பிறந்தவர். தகப்பனார் ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்த மாலுமி. விகன் சங்கத்துக்காக அவர் போட்ட டிரைகள் 478. (எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைப்பதுதான் டிரை.) 1954-ல், பத்தொன்பதாவது வயதில், கிரேட் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். 2025-ல், தொண்ணூறு வயதில், அவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ!

அந்தக் காலத்தில் வேல்ஸ் அணி களத்தில் இறங்குவதே அபூர்வம். அவரைப் போன்றவர்களுக்கு எட்ட வேண்டிய சிகரம் கிரேட் பிரிட்டன் சட்டைதான். அந்தச் சட்டை அவர்களை மரியாதையாகவும் நடத்தியது. 1954-ல் முதல் உலகக் கோப்பையைப் பாரிஸில் வென்ற கேப்டன் டேவ் வாலன்டைன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1972-ல் லியோன் நகரில் கோப்பையை ஏந்திய கேப்டன் கிளைவ் சல்லிவன் கார்டிஃப்காரர். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை வகித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

கூட்டுக் குடும்பக் கட்சியாரிடம் இன்னொரு வலுவான வாதமும் உண்டு. கிரேட் பிரிட்டன் 1954, 1960, 1972 என்று மூன்று தடவை உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. தனியாகப் போன இங்கிலாந்துக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. 1975-ல் ஒரே ஒரு புள்ளியில் நழுவியது. 1995-ல் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது. 2017-ல் 6-0 என்று ஆஸ்திரேலியாவிடம் கைவிட்டது. “பார்த்தீர்களா, பிரிந்ததன் பலன்!” என்கிறார்கள்.

எனக்கு இது அவ்வளவாகப் பிடிபடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் கோஷ்டி நமக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் பல தேசங்கள் ஒரே சட்டை போடுகின்றன. ஆனால் பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், கயானா என்று எல்லா வீட்டிலிருந்தும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பிரிட்டனில் அப்படியா? 2007-ல் நியூஸிலாந்தை மூன்றுக்கு மூன்று வென்ற கையோடு கூட்டு அணியை மூட்டை கட்டினார்கள். 2019-ல் மறுபடி பிரித்தார்கள். அணியில் பார்த்தால் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். பெயர்ப் பலகை மட்டும் கிரேட் பிரிட்டன்! டோங்காவிடம் ஒரு தோல்வி, நியூஸிலாந்திடம் இரண்டு, பப்புவா நியூ கினியாவிடம் ஒன்று. நாலு ஆட்டம், நாலும் தோல்வி. 2025-ல் ஆஸ்திரேலியா வந்தபோது எதிர்த்து நின்றது இங்கிலாந்து என்ற பெயரிலேயே. அதிலும் மூன்று தோல்விதான் என்றாலும் பெயராவது உண்மையான பெயர்.

தனிக்குடித்தனம் போன தம்பிகள் என்ன ஆனார்கள்? 2013 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து கால் இறுதிக்கு வந்தது. 2016-ல் வொர்க்கிங்டன் என்ற சிற்றூரில் நியூஸிலாந்தோடு 18-18 என்று சமன் செய்தது. ஸ்காட்லாந்து முழுக்க இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடி என்பதை நினைத்தால் இது சாமான்யமா? இதில் ஒரு வேடிக்கை: பாட்டியோ தாத்தாவோ ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தாலும் அந்த அணிக்கு ஆடலாம். கேப்டன் டேனி பிரவ் பிறந்தது யார்க்‌ஷயரில்! பேரன் எந்தச் சட்டை போடுவது என்பதைப் பாட்டி பிறந்த ஊர் தீர்மானிக்கும் விளையாட்டை நம் பாட்டிமார்கள் நிச்சயம் ஆதரிப்பார்கள்.

பசிபிக் தீவுகளைப் பாருங்கள். டோங்காவின் ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். அந்தத் தீவு 2019-ல் ஆஸ்திரேலியாவையே தோற்கடித்தது. சமோவா, 2022-ல் இங்கிலாந்தை ஒரே புள்ளியில் வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்குப் போனது. “பசிபிக் தீவுகள்” என்று இவர்களை ஒன்றாகக் கட்டியிருந்தால் அரங்கம் முழுக்க அந்தச் சிவப்புக் கொடிகள் பறந்திருக்குமா?

தனிக்குடித்தனத்தில் கஷ்டமும் உண்டு, மறைப்பானேன்? 2026 உலகக் கோப்பைக்கான பத்து ஆண்கள் அணிகளில் வேல்ஸும் இல்லை, ஸ்காட்லாந்தும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. ஒரு திறமையான வேல்ஸ் பையன் அந்தக் கோப்பையைப் பெட்டிக்குள் பார்க்க வேண்டியதுதான். கூட்டு அணி இருந்தால் அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கலாம். இந்த ஏக்கத்தை நான் லேசாக நினைக்கவில்லை. பதினைந்து பேர் ரக்பிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே நாலு சகோதரர்களும் தனித்தனியாக மோதிக்கொள்கிறார்கள். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ‘லயன்ஸ்’ என்று ஒன்றுகூடிக் கடல் தாண்டுகிறார்கள். 2025-ல் ஆஸ்திரேலியாவில் தொடரையும் ஜயித்தார்கள். தினமும் தனிச் சமையல், பண்டிகைக்கு ஒரே பந்தி! பதின்மூன்று பேர் ஆட்டத்துக்கும் அதுவே சரி என்பது என் அபிப்பிராயம். ஆனால் பந்தியில் தம்பிகளுக்கும் நிஜமாகவே இலை போட வேண்டும்.

பெண்கள் சமாசாரத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். 1996-ல் கிரேட் பிரிட்டன் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவுக்கே போய் அங்கத்துப் பெண்களைத் தொடரில் வென்று வந்தது. இது கூட்டுக் குடும்பக் கட்சிக்குச் சாதகமான கதை. ஆனால் 2026-ஆம் வருஷப் பெண்கள் உலகக் கோப்பைக்குத் தேர்வான எட்டு அணிகளின் பட்டியலில், இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே, முதல் தடவையாக வேல்ஸ் பெண்கள் இடம் பிடித்தார்கள். அந்த ஊர் ஆண்களுக்குக் கிடைக்காத இடம் அது.