விடுபட்ட முதியவர்கள்: தடுப்பூசி வந்த பிறகும் தீராத வேலை

2022 பிப்ரவரியில், ஹாங்காங்கின் காரிட்டாஸ் மருத்துவமனைக்கு வெளியே குளிரிலும் மழையிலும் வயதானவர்கள் சக்கரக் கட்டில்களில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். உள்ளே இடம் இல்லை. சில வாரங்களில் பிணவறைகளும் நிரம்பிவிட, உடல்களை வைக்கக் குளிரூட்டப்பட்ட கன்டெய்னர்களைக் கொண்டுவந்தார்கள். பணத்துக்கோ மருத்துவ வசதிக்கோ குறைவில்லாத ஊர் அது. கொரோனா தடுப்பூசியும் ஓராண்டாகவே இருந்தது. 2021 பிப்ரவரி கடைசியில் தொடங்கி, சைனோவாக், பயோஎன்டெக் என்று இரண்டு வகை ஊசிகளை இலவசமாகவே போட்டு வந்தார்கள்.

2022 ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை அங்கே 5,906 பேர் கொரோனாவால் இறந்தார்கள். அவர்களில் 96 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த முதியவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு டோஸ்கூடப் போட்டுக்கொள்ளாதவர்கள்.

கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி வந்த பிறகு ஓர் அரசு என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. ஊசி கிடங்கில் இருந்தது. போட ஆளும் இருந்தார்கள். மிக அதிகமாகத் தேவைப்பட்டவர்களின் கையில் மட்டும் அது இறங்கவில்லை.

கையில் கிடைத்த ஓராண்டு

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஹாங்காங்கில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் மொத்தமே இருநூற்றுச் சொச்சம் பேர்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை 21 நாள்வரை ஹோட்டல் அறையில் தனிமைப்படுத்தினார்கள். ஒருவருக்குத் தொற்று வந்தால் தொடர்பில் இருந்த அத்தனை பேரையும் தேடிப் பிடித்தார்கள். மக்கள் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. நோய் ஊருக்குள் பரவாமல் நின்றது.

தனிமைப்படுத்தலும் எல்லைக் கட்டுப்பாடும் நோயை ஒழிப்பதில்லை, அவகாசம் மட்டுமே வாங்கித் தருகின்றன. அந்த அவகாசத்தில் முதியவர்களுக்கு ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. நோயே கண்ணில் படாததால் 'இப்போது என்ன அவசரம்' என்று பெரியவர்கள் தள்ளிப்போட்டார்கள். பக்கவிளைவுச் செய்திகள் பயமுறுத்தின. பிரஷரும் சுகரும் இருப்பவர்களுக்குத்தான் ஊசி முதலில் வேண்டும். அவர்களே 'உடம்பு சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்' என்று ஒதுங்கினார்கள். முதியோர் இல்லங்களில் குடும்பத்தாரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தே மாதங்கள் ஓடின. கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு நுழைந்தபோது 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் இரண்டு டோஸ் முடித்திருந்தார்கள். வயது கூடக் கூட அந்த அளவு இன்னும் குறைந்தது.

நியூசிலாந்தும் அதே காலத்தில் எல்லையை மூடி வைத்திருந்த நாடுதான். ஒமைக்ரான் அங்கும் அதே மாதங்களில் பரவியது. ஆனால் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே ஊசி போட்டிருந்தார்கள். தொற்று வந்தது, காய்ச்சல் வந்தது; ஹாங்காங்கில் கண்டதுபோல் சாவு வரவில்லை.

சதவீதம் மறைக்கும் ஆட்கள்

'மாவட்டத்தில் 70 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்' என்ற அறிவிப்பைப் படித்தால் நிம்மதியாக இருக்கும். மீதி 30 சதவீதம் யார் என்று தெரியாதவரை அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. 20 வயது இளைஞரோடு ஒப்பிட்டால், 80 வயதுக்காரர் கொரோனாவால் இறக்கும் அபாயம் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். விடுபட்டவர்கள் கல்லூரி மாணவர்களா, படுத்த படுக்கையான பாட்டிகளா என்பதைப் பொறுத்தே அடுத்த அலையில் ஐ.சி.யூ. நிரம்புமா என்பது தெரியும். அதனால் வயதுவாரியாகவும், சர்க்கரை, சிறுநீரக நோய், புற்றுநோய் சிகிச்சை என்று நோய்வாரியாகவும் விடுபட்டவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும். தெருத் தெருவாக அந்தப் பட்டியல் ஊழியர்களின் கையில் இருக்க வேண்டும்.

இந்தியா வகுத்த வரிசை சரியானதே. 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களோடு தொடங்கி, மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் இணைநோயுள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்த வரிசை கடைசி ஆள்வரை எட்டுவதற்குள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் டெல்டா திரிபு வந்து ஆக்சிஜனுக்கு அலையவிட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும்.

பெரியம்மைக்குச் செய்ததை ஏன் செய்ய முடியாது?

பெரியம்மைக்கு 1796-லேயே தடுப்பூசி வந்துவிட்டது. நோய் ஒழிய 1977 வரை ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் கைகொடுத்தது, நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் உடனே ஊசி போடும் வளைய முறை. இந்தியாவில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், அம்மை கண்ட ஒருவரின் படத்தைக் காட்டி, 'இப்படி யாருக்காவது இருக்கிறதா' என்று கேட்டுத் தேடினார்கள்.

கொரோனாவுக்கும் அதையே செய்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரியம்மை பெரும்பாலும் கொப்புளம் தெரிந்த பிறகே பரவும். தொற்று ஏறி மூன்று நாளுக்குள் ஊசி போட்டால்கூட நோயைத் தடுக்கலாம். கொரோனாவோ அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். முதல் டோஸ் வேலை செய்ய இரண்டு வாரம் போல ஆகும். வளையம் போடுவதற்குள் வைரஸ் அதைத் தாண்டியிருக்கும். ஆகவே இங்கே வைரஸின் பின்னால் ஓடித் துரத்தக் கூடாது. ஆபத்தில் இருப்பவர்களுக்கு அலை வருவதற்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும்.

வாசல்வரை போக வேண்டும்

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12, ஞாயிறு அன்று முதல் மெகா தடுப்பூசி முகாம் 40 ஆயிரம் இடங்களில் நடந்தது. 20 லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள். 28 லட்சத்தைத் தாண்டியது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் முகாம் தொடர்ந்தபோது ஒரு சிக்கல் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை கறியும் மதுவும் சாப்பிடுகிறவர்கள், ஊசி போட்டால் அவற்றைத் தொடக் கூடாது என்று நம்பி வராமல் இருந்தார்கள். அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கறி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்றும் கூடவே சொன்னார்கள். மக்களின் வழக்கத்துக்கு முகாம் வளைந்துகொடுத்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. இப்படிப்பட்ட சின்னத் திருத்தங்கள் பெரிய விளம்பரப் பலகைகளைவிட அதிகம் சாதிக்கும்.

முகாமுக்கு நடந்து வர முடியாதவர்கள் கடைசியில் மிஞ்சுகிறார்கள். குளிர்பெட்டியோடு வீட்டுக்கு வரும் செவிலியரிடம் பாட்டி சொல்வார்: "எனக்கெதுக்கும்மா ஊசி? நான்தான் வாசப்படி தாண்டுறதே இல்லியே." அதற்குப் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேரன் பள்ளிக்குப் போய் வருகிறான், மகன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறார். வெளியே போகாத பாட்டிக்கு வைரஸ் அவர்கள் வழியாக வரும். பாட்டிக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல அந்தச் செவிலியருக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை ஊசி என்று எண்ணிக்கையை மட்டும் நெருக்கினால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது.

பக்கவிளைவை மறைக்கலாகாது

அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு மிக அரிதாக இரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்று வெளிப்படையாகச் சொன்னது. அதே நாளில் பிரிட்டன், 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு ஊசி தரலாம் என்று முடிவெடுத்தது. இளையவருக்கு நோயின் ஆபத்து குறைவு என்பதால் அரிய பக்கவிளைவுக்கும் கணக்கில் எடை கூடும். முதியவருக்கு அந்தக் கணக்கு தலைகீழ். இதை அப்படியே மக்களிடம் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும். மறைத்துவிட்டுப் பிறகு வெளியே வந்தால், அடுத்த ஊசிக்கும் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

ஊசிக்குப் பிறகும் சில காரியங்கள்

டெல்டா காலத்து பிரிட்டன் ஆய்வில், ஒரு டோஸ் மட்டும் போட்டவர்களுக்கு அறிகுறியுள்ள தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறக்குறைய 30 சதவீதம்தான். அஸ்ட்ராஜெனகா இரண்டு டோஸ் என்றால் 67 சதவீதம். கடும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் ஊசி இதைவிட நன்றாகவே காக்கிறது. ஆனால் பரவலை அது ஒன்றே நிறுத்தாது. மாதங்கள் போகப் போகப் பாதுகாப்பும் தேயும். எனவே அலை எழும்போது மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் முகக்கவசம் வேண்டும். ஏ.சி. அறையை மூடியே வைக்காமல் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். சாக்கடை நீரில் வைரஸின் அளவைப் பார்த்தால் மருத்துவமனை நிரம்புவதற்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

உங்கள் வீட்டில் 60 வயதைக் கடந்தவரோ, டயாலிசிஸ், கீமோதெரபி, உறுப்பு மாற்று சிகிச்சை பெறுபவரோ இருந்தால், அவருடைய கடைசி டோஸ் எப்போது என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அடுத்த டோஸ் தேவையா என்று அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேளுங்கள். பரவல் காலத்தில் அவருக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றைக்கே பரிசோதித்துவிடுங்கள். பாக்ஸ்லோவிட் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். வேறு மருந்துகளோடு அது மோதக்கூடும் என்பதால், அவர் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவரிடம் கையோடு எடுத்துப் போங்கள்.